நடு ஓடைத் தண்ணீர்

என் அக்காவைப் பொய்க்காரி என்கிறார்கள். ஓடைக்கரையில் இருந்த பதினேழு வீட்டுக்காரர்களில் எங்களைத் தவிர மற்ற பதினாறு பேரும் அப்படித்தான் சொல்கிறார்கள். வீட்டை இழந்தவர்கள், வயிறு எரியத்தான் செய்யும், சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் அந்தப் பொய்யை அவள் எப்போது எழுத ஆரம்பித்தாள், யார் சொல்லி எழுதினாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு எனக்கே என்மேல் காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

அக்காவுக்குத் தண்ணீர்த் துறையில் வேலை. பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். தற்காலிகப் பணியாளர். ஓடைமேல் ஒரு பாலம், பாலத்தை ஒட்டி ஒரே ஒரு அறை, அறைக்குள் ஒரு தராசு, ஒரு சின்ன அடுப்பு, ஒரு பதிவேடு. தினமும் காலை ஏழு மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் பாலத்தின் நடுவில் நின்று, கனமான இரும்புச் சட்டத்தில் மாட்டிய பாட்டிலைக் கயிற்றில் ஓடைக்குள் இறக்குவாள். அதை வடிகட்டி, தாளில் தங்குகிற மண்ணைக் காயவைத்து நிறுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் எவ்வளவு மண் என்று எழுதுவாள். இதுதான் வேலை. இருபத்திரண்டு வருஷம் இதே வேலை. தெருவில் அவளுக்குப் பாட்டில் அக்கா என்றே பெயர். வயசான பால்காரர்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

கேட்டால் ஒன்றுமில்லாத வேலை போலத் தோன்றும். நானும் அப்படித்தான் கிண்டல் செய்வேன். "தண்ணி மொள்றதுக்கு உனக்கு ஒரு ஆபீஸ், ஒரு முத்திரை!" என்பேன். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். பாட்டில் மேலிருந்து அடி வரைக்கும், அடியிலிருந்து மேல் வரைக்கும் ஒரே வேகத்தில் போய் வர வேண்டுமாம். அப்போதுதான் எல்லா ஆழத்துத் தண்ணீரும் அதில் சேரும். கழுத்து வரை நிரம்பிவிட்டால் அந்தத் தண்ணீர் கணக்கில்லை, கொட்டிவிட்டு மறுபடி இறக்க வேண்டும். கொட்டுகிற மழையில் குடையைத் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வாய்க்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியபடி மூன்று தடவை, நான்கு தடவை கொட்டிக் கொட்டி எடுப்பாள். யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் எடுப்பாள்.

எங்கள் வீடு பாலத்துக்குக் கீழே, ஓடை வளைகிற இடத்தில். முன்னறையில் என் பட்டறை. தண்ணீர் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டுவது, தேய்ந்ததை மாற்றுவது என் தொழில். நடுவறையில் நானும் என் மனைவியும். அக்காவுக்குக் கல்யாணம் ஆகி ஒன்றரை வருஷத்தில் முறிந்துபோனது. அவளுக்குப் பின்னறை. பின்கதவைத் திறந்தால் ஓடைக்கு இறங்குகிற கல்படிகள். அவள் வேலையில் சேர்ந்தபோது பதினோரு படி. எங்களுக்கு இருந்த ஒரே சொத்து இந்த வீடுதான். இது போனால் தெரு என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அப்போதெல்லாம் மேலே சரிவு முழுக்க மரம். மழை நாளில் அக்கா எடுத்து வைக்கிற பாட்டிலில், மண் படிந்த பிறகு பார்த்தால், அடியில் ஒரு சிட்டிகை டீத்தூள் கிடக்கிற மாதிரி இருக்கும். பத்து வருஷம் அப்படியே ஓடியது. பிறகு மரத்தை வெட்டிக் கிழங்கு போட்டார்கள். பாட்டிலில் ஒரு விரல் உயரத்துக்கு மண் ஏறியது. படி பதினொன்று பத்தாகி, ஒன்பதாகியது. மறைந்த படிகளை ஓடை விழுங்கவில்லை. ஓடையின் தரைதான் மேலே வந்துகொண்டிருந்தது.

கிழங்குக்காரர்கள் பாத்தியைச் சரிவுக்குக் குறுக்காகப் போடாமல் மேலிருந்து கீழாக, கோடு கிழித்த மாதிரி போடுவார்கள். ஒவ்வொரு மழைக்கும் அந்தக் கோடெல்லாம் வாய்க்கால் ஆகிவிடும். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வந்த ஒரு கிழங்குக்காரரை மடக்கினாள்.

"குறுக்கால போட்டா குறைஞ்சா போயிடுவீங்க? மண்ணெல்லாம் என் பாட்டிலுக்கு வருதே!"

அவர் சிரித்தார். "குறுக்கால போட்டா தண்ணி நின்னு கிழங்கு அழுகிடும் அக்கா. மண்ணு போனா அடுத்த வருஷம் பாத்துக்கலாம். கிழங்கு போனா இந்த வருஷமே அடுப்பு எரியாது."

"அடுத்த வருஷம் எதுல போடுவீங்க? பாறையிலயா?"

"அப்ப வித்துட்டுப் போயிடுவேன்."

சொன்னபடியே செய்தார். மேல்மண் போய்க் கல் தெரிய ஆரம்பித்ததும் கிழங்குக்காரர்கள் ஒவ்வொருவராக விற்றார்கள். வாங்கியவர் மனை போட்டு விற்பவர். மண் அள்ளும் இயந்திரங்கள் ஏறின. சரிவை வெட்டித் தட்டுத் தட்டாக மனை போட்டார்கள், வெட்டின மண்ணை ஓரத்திலேயே தள்ளினார்கள். அந்த மழைக்காலத்தில் அக்காவின் பாட்டிலில் மூன்று விரல் மண். அவள் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "நம்ம வீட்டுக்கு வருதுடா இது" என்றாள். நான் ஒரு மோட்டாரின் வயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அதற்குள்ளும் அதே மண்தான். ஓடைத் தண்ணீர் இறைக்கிற மோட்டார்களையெல்லாம் மண் அரைத்துத் தள்ளியது. எனக்கு வேலை குவிந்தது. உண்மையைச் சொல்வதென்றால், அந்த மண்ணின்மேல் எனக்குப் பெரிய கோபம் எதுவும் இல்லை.

அந்த மாதம் அக்கா அனுப்பிய கணக்குத் தாளை ஆபீஸ் திருப்பி அனுப்பியது. சிவப்பு மையில் வட்டம். இரண்டு நாளில் பிரிவு அதிகாரியே பாலத்துக்கு வந்துவிட்டார். அன்று நான் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன்.

"என்னம்மா எண்ணு இதெல்லாம்? ஒரே வருஷத்துல இவ்வளவு ஏறுமா? பாட்டிலைத் தரையில மோத விட்டிருப்பீங்க, சேறு அள்ளிட்டு வந்திருக்கும்."

"இல்ல சார். தரைக்கு ஒரு சாண் மேலயே நிறுத்திடுவேன். மேல மரம் இல்ல சார். இலை, சருகு எதுவும் இல்ல. மழை நேரா மண்ணு மேல அடிக்குது. பிடிச்சு வைக்க வேர் கிடையாது. வெட்டிப் போட்ட மண்ணு வேற சும்மா கிடக்குது."

"நான் காரணம் கேட்டேனா? எண்ணைக் கேட்டேன்." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். குரல் கொஞ்சம் இறங்கியது. "இதப் பாருங்க. மழையில பாலத்து நடுவுல நிக்கறது ஆபத்து. இனிமே கரையோரமா எடுங்க. மழை பெய்யற அன்னைக்கு வேண்டாம், விட்டு மறுநாள் எடுங்க. உங்க நிரந்தர ஆணை என் மேஜை மேலதான் இருக்கு. நல்லபடியா போயிட்டிருக்கு, கெடுத்துக்காதீங்க."

கரையோரத்தில் தண்ணீர் மெதுவாகப் போகும். மண் அங்கேயே படிந்துவிடும். மேலாக மொண்டால் குடிக்கலாம் போல இருக்கும். அவருக்கும் அது தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் என்னிடம் கேட்டாள். யாரிடம் கேட்பாள்? நான்தானே இருக்கிறேன்.

"என்னடா செய்யறது?"

"என்னத்த செய்யறது? சொன்னதைச் செய். பதினாறு வருஷமா தற்காலிகம்னே கிடக்கற. நீ எழுதாட்டி ஓடை நின்னுடப் போகுதா? எழுதினா மரம் முளைச்சிடப் போகுதா?"

"பொய் இல்லையாடா?"

"கரையில இருக்கறதும் ஓடைத் தண்ணிதானே! அதைத்தானே எழுதப் போற? இதுல பொய் எங்க வந்தது?"

எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பேசினேன் பாருங்கள்! அதிகாரிகூட இவ்வளவு பூசி மெழுகவில்லை. அவளுக்கு அந்த ஆணை எதற்காக வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வயசான காலத்தில் என் கையையும் என் மனைவி கையையும் எதிர்பார்த்து நிற்கக் கூடாது, அவ்வளவுதான் அவள் ஆசை. அந்த ஆசையின்மேல் காலை வைத்துத்தான் நான் பேசினேன்.

அடுத்த வாரத்திலிருந்து அவள் கரையோரம் எடுத்தாள். அதைத்தான் எழுதினாள். ஆறு வருஷம். பதிவேட்டின்படி எங்கள் ஓடை நாட்டிலேயே சுத்தமான ஓடையாகிவிட்டது. ஆணை மட்டும் மேஜையை விட்டு இறங்கவில்லை.

ஆனால் அவள் அவள்தான். மழை கொட்டுகிற நாட்களில், யாருக்கும் சொல்லாமல், பழையபடி பாலத்தின் நடுவில் போய் நின்று இன்னொரு பாட்டிலும் எடுத்தாள். வடிகட்ட மாட்டாள். அப்படியே மூடி, மெழுகு உருக்கி வாயை அடைத்து, தாள் ஒட்டித் தேதி, நேரம், ஆழம் எழுதி, வீட்டில் தன் பின்னறையின் மேல்தட்டில் அடுக்கிவிடுவாள். ஆறு வருஷத்தில் தட்டு நிறைந்தது. அடியில் மண், மேலே தெளிந்த தண்ணீர், அதற்கு மேல் அவளுடைய குண்டுக் கையெழுத்து. நூற்று நாற்பது பாட்டில் இருக்கும். ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தால், வருஷா வருஷம் மண் ஏறுவது கண்ணுக்கே தெரியும்.

"ஊறுகாய் போட்டு வச்சிருக்கியா?" என்று கேட்டேன்.

"அதுல கை வைக்காதே" என்றாள்.

"எதுக்கு இதெல்லாம்?"

"என்னைக்காவது யாராவது கேட்டா காட்டறதுக்கு."

"யாரு கேக்கப் போறா!"

ஆறாவது வருஷம் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தலைமையிடத்தில் மூன்று நாள் பயிற்சி முகாம். தலைப்பு, சரியான முறையில் நீர் மாதிரி எடுத்தல். கடிதத்தைப் படித்துவிட்டு நானும் என் மனைவியும் சிரித்தோம். அக்கா சிரிக்காமல் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த மூன்று நாளில்தான் நான் அதைச் செய்தேன். பட்டறையில் கால் வைக்க இடமில்லை. பழுதான மோட்டார்கள் வாசல் வரை அடுக்கிக் கிடந்தன. எனக்கு ஒரு தட்டு வேண்டும். ஈரம் படாத தட்டு. அக்கா அறையின் மேல்தட்டு கண்ணை உறுத்தியது. பாட்டிலைக் கழுவி வைத்தால் அவளுக்கு வேலை மிச்சம் என்று நினைத்தேன், தெரியாமல் செய்துவிட்டேன் என்றெல்லாம் பின்னால் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. எனக்கு இடம் வேண்டியிருந்தது. அவள் கை வைக்காதே என்று சொன்னது காதில் இருந்துகொண்டேதான் இருந்தது.

என் மனைவி தடுத்தாள். "உங்க அக்கா வந்தா என்ன சொல்வாங்க?"

"என்ன சொல்வா? வெறும் சேறு. வேணும்னா பின்னாடி ஓடையில மொண்டுக்கட்டும்."

மெழுகை உடைத்தேன். ஒவ்வொரு பாட்டிலாகப் படியில் நின்று ஓடையில் கவிழ்த்தேன். மண் இறுகிப்போய் வர மறுத்தது, குச்சி விட்டுக் குடைந்தேன். அப்போது மூன்று படிதான் மிச்சம். தாள் வராததால் வெந்நீரில் ஊறப்போட்டு நகத்தால் சுரண்டினேன். ஒரு நாள் முழுக்க அதுதான் வேலை. கழுவிய பாட்டில்களைச் சுற்றுச்சுவர்மேல் வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, மோட்டார்களைத் தட்டில் ஏற்றினேன்.

அக்கா மாலையில் வந்தாள். கையில் பயிற்சிச் சான்றிதழ். சுவரைப் பார்த்தாள். ஒரு பாட்டிலை எடுத்தாள், வழக்கம்போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"தாளைக்கூட எடுத்திருக்கியே" என்றாள்.

"வெந்நீர்ல ஊறப்போட்டேன்" என்றேன். பெருமையாகவே சொன்னேன்.

அவள் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி முடித்திருப்பேன். பாட்டிலை எடுத்த இடத்திலேயே கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மழையில் இரண்டாவது பாட்டில் எடுக்க அவள் போகவே இல்லை.

எட்டு மாதம் கழித்து இரண்டு நாள் விடாமல் மழை. முன்பு இதைவிடப் பெரிய மழையெல்லாம் பெய்திருக்கிறது. பதினோரு படி இருந்தபோது ஓடை அதைத் தாங்கிக்கொண்டது. இப்போது தாங்க இடமில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் மேலே மனைத்தட்டின் ஓரம் பெயர்ந்து இறங்கியது. அந்த மண்ணும் தண்ணீரும், கரைத்த மாவு மாதிரி, பின்கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா அறைக்குள் வந்தன. நாங்கள் மூன்று பேரும் முன்வாசல் வழியாக ஓடினோம். உயிர்ச்சேதம் இல்லை. பதினேழு வீடும் போச்சு.

நான்காம் நாள் உள்ளே போக விட்டார்கள். அக்கா அறையில் மார்பு உயரத்துக்கு மண். கட்டில் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. மேல்தட்டில் என் மோட்டார்கள் ஒரு சொட்டு ஈரம் படாமல் அப்படியே இருந்தன. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காவும் பார்த்தாள்.

விசாரணை பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. விஷயம் ஒன்றுதான். மலையை வெட்டியதால் வந்த மண் என்று முடிவானால், மனை விற்றவர் சமதரையில் பதினேழு பேருக்கும் இடம் தந்து வீடு கட்டித் தர வேண்டும். வெறும் மழைதான் காரணம் என்றால் ஒன்றும் கிடையாது. குழந்தைகள் உட்காருகிற குட்டை பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். மனை விற்றவர் எழுந்து ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்.

"ஓடைப் பதிவேட்டைப் பாருங்க சார், அது உங்க ஆளே எழுதினது."

விசாரணை அதிகாரி பதிவேட்டை உரக்கப் படித்தார். ஆறு வருஷம், மாதம் மாதமாக. மண் கூடவில்லை. மண் கூடவில்லை. பின்னால் யாரோ பெஞ்சைத் தள்ளினார்கள்.

"இது உங்க கையெழுத்துதானே?"

அக்கா எழுந்தாள். "ஆமா சார். ஆனா அது கரைத் தண்ணி. நடு ஓடையில எடுக்கல. மழை அன்னைக்கும் எடுக்கல. அப்படி எடுக்கச் சொன்னாங்க."

"யாரு சொன்னாங்க? எழுத்துல இருக்கா?"

"வாயால சொன்னாங்க."

பிரிவு அதிகாரி அங்கேயே உட்கார்ந்திருந்தார். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படின்னா பொய்யா எழுதினேன்னு ஒத்துக்கறீங்க. வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் சார். வேலை போகட்டும். நடு ஓடைத் தண்ணியைத் தனியா எடுத்து வச்சிருந்தேன். ஆறு வருஷமும். தேதி, நேரம், ஆழம் எல்லாம் எழுதி, மெழுகு வச்சு மூடி."

விசாரணை அதிகாரி முதல் தடவையாகப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்த மனுஷன் உண்மையிலேயே கேட்டார். கேட்க ஒருவர் வந்தேவிட்டார்.

"எங்கம்மா அது? மண்ணுல போயிடுச்சா?"

"இல்ல சார். கழுவியாச்சு."

"கழுவியாச்சா! யாரு கழுவினது?"

நான் இரண்டாவது பெஞ்சில் இருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. நான் எழுந்திருக்க வேண்டிய நேரம் அதுதான். ஐயா, நான்தான் கழுவினேன், ஒவ்வொரு பாட்டிலிலும் எவ்வளவு மண் இருந்தது என்று என் நகத்துக்குத் தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஜெயித்திருப்போமா, தெரியாது. அவளாவது தனியாக நின்றிருக்க மாட்டாள். சுற்றிலும் பதினாறு வீட்டுக்காரர்கள். நான் எழுந்திருக்கவில்லை.

"பாட்டில் என் பொறுப்பு சார்" என்றாள் அக்கா.

வெளியே வரும்போது எங்கள் தெரு இஸ்திரிக்காரர் வழியை மறித்தார். "பாட்டிலாவது, மெழுகாவது! எங்க வயித்துல மண்ணைப் போட்டுட்டு இங்க வந்து கதை விடறியா?" என்று கேட்டார். பால்காரர் தரையில் துப்பினார். அக்கா விலகி நடந்தாள். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன், வெட்கமில்லாமல்.

வெறும் மழைதான் காரணம் என்று முடிவானது, யாருக்கும் வீடு கிடைக்கவில்லை. அக்காவுக்கு வேலையும் போய்விட்டது. ஆணையும் அதோடு போய்விட்டது. ஒரே அறை வாடகைக்கு எடுத்து மூன்று பேரும் இருக்கிறோம். தட்டில் தப்பிய மோட்டார்களை ரிப்பேர் செய்து கொடுத்துத்தான் முதல் நான்கு மாதம் சாப்பிட்டோம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் பழைய வீட்டுப் பக்கம் போனேன். அக்கா அறையில் மண் இறுகிப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு பாட்டிலில் அந்த மண்ணைப் போட்டு, ஓடைத் தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, மெழுகு வைத்து மூடிக் கொண்டுவந்தேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. ஒரு பாட்டிலாவது திருப்பித் தரலாமென்று நினைத்தேனோ என்னவோ.

அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பாட்டிலை வாங்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மண் படியும்வரை பொறுமையாகப் பார்த்தாள். பாதி பாட்டில் மண்.

"என்ன தேதி?"

"இன்னைக்குத்தான். நம்ம வீட்டு மண்ணு அக்கா."

"என்ன ஆழம்? எந்த நேரத்துல வந்தது?"

பாட்டிலில் நான் தாள்கூட ஒட்டியிருக்கவில்லை.

"அப்ப இது வெறும் சேறுடா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. குழாயடிக்குப் போனாள். குச்சி விட்டுக் குடைந்து, மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவி, பாட்டிலை ஜன்னல் கட்டையில் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி காய் நறுக்க உட்கார்ந்தாள்.